றூபாப்: தண்டு உணவு, இலை நஞ்சு

புலம்பெயர்ந்து வந்த நாம் எங்கே கால் ஊன்றினாலும் கொஞ்சம் மண்ணைத் தேடுகிறோம். பிரித்தானியாவில் எம்மவர் வீட்டுப் பின்வளவுகளில் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முளைக்கீரை, பூசணி, கண்ணாடிக் கூடத்துக்குள் கத்தரி, பச்சைமிளகாய் என்று பலதும் வளர்கின்றன. நகரசபையிடம் அலொட்மென்ட் துண்டு வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் குடும்பங்களும் இருக்கின்றன. இவற்றுக்கிடையே நாம் நடாமலே நம்மிடம் வந்து சேரும் ஒரு செடி உண்டு. வாங்கிய வீட்டின் மூலையில் முன்பிருந்தவர் விட்டுச்சென்றதாக இருக்கும், அல்லது பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவர் ஒரு கட்டாகக் கொண்டுவந்து தருவார். சிவந்த தண்டும் யானைக் காது போன்ற அகன்ற பச்சை இலையும் கொண்ட அதுதான் றூபாப்.

அதைக் கையில் வாங்கிய எம் வீட்டு அம்மாமாரின் கண் முதலில் இலையில்தான் விழும். பீற்றூட் இலையை வறுக்கிறோம், முள்ளங்கி இலையைச் சமைக்கிறோம், முருங்கை இலையைச் சுண்டுகிறோம். முளைக்கீரையில் தண்டும் இலையும் ஒன்றாகவே சட்டிக்குள் போகின்றன. ஆகவே, "தண்டைச் சாப்பிடலாம் என்றால் இலையை ஏன் எறிய வேண்டும்?" என்ற கேள்வி எழுவது இயல்பே. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: றூபாப்பின் தண்டு மட்டுமே உணவு. அதன் இலை நஞ்சு. வறுத்தாலும், அவித்தாலும், தண்ணீரை வடித்து ஊற்றினாலும், தேங்காய்ப்பூப் போட்டாலும் அது நஞ்சே.

இது என்ன செடி?

றூபாப்பின் தாயகம் சீனா, சைபீரியா போன்ற குளிர்ப் பகுதிகள். இதன் இனத்தைச் சேர்ந்த வேறு செடிகளின் வேர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சீன வைத்தியத்தில் பேதி மருந்தாக இருந்து வருகிறது. எமது நாட்டு வைத்தியத்தில் இரேவல்சின்னி என்று சொல்லப்படுவதும் இந்த இனத்து வேரே. ஐரோப்பாவுக்கும் இது முதலில் மருந்தாகவே வந்தது. சீனி மலிவாகி எல்லார் வீட்டுக்கும் வந்த பின்னரே, புளிப்பான தண்டை இனிப்பாகச் சமைத்து உண்ணும் பழக்கம் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் மயற் என்ற தோட்டக்காரர் தென்கிழக்கு இலண்டனில் உள்ள டெற்போட் பகுதியில் இதைப் பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்பினார். 1837இல் விக்டோரியா அரசியானதை ஒட்டி அவர் பெயர் சூட்டிய விக்டோரியா என்ற வகை இன்றும் விற்பனையில் உள்ளது. எம்மவர் பலர் வாழும் லூயிஷம் பகுதியை அடுத்த மண்ணில் நடந்த கதை இது.

வட இங்கிலாந்தில் யோக்சயர் மாகாணத்தின் வேக்பீல்ட் சுற்றுவட்டாரம் றூபாப்புக்குப் பெயர் போனது. அங்கே குளிர்காலத்தில் இருண்ட கொட்டகைகளுக்குள் செடியை வைத்துச் சூடேற்றி, மெழுகுதிரி வெளிச்சத்தில் தண்டை ஒடிக்கிறார்கள். ஒளி படாமல் வளர்வதால் தண்டு இளஞ்சிவப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் பாதுகாக்கப்பட்ட இடப்பெயர்த் தகுதி வழங்கியது. தாவரவியலின்படி றூபாப் ஒரு மரக்கறி. ஆனால் 1947இல் அமெரிக்காவின் சுங்க நீதிமன்றம் ஒன்று, மக்கள் இதைப் பழம் போலவே சமைக்கிறார்கள் என்பதால் வரிக் கணக்கில் இது பழமே என்று தீர்ப்பளித்தது.

இலை ஏன் நஞ்சு?

றூபாப் இலையில் ஒக்சாலிக் அமிலமும் அதன் உப்புகளான ஒக்சலேற்றுகளும் மிகுதியாக உள்ளன. 100 கிராம் இலையில் ஏறத்தாழ அரைக் கிராம் வரை இருக்கலாம். இந்தப் பொருள் எமக்குப் புதியதல்ல. கருணைக்கிழங்கு நாக்கையும் தொண்டையையும் கடிப்பதற்குக் காரணம் அதிலுள்ள கல்சியம் ஒக்சலேற் ஊசிகள்தான். அவை கரையாதவை. வாயைக் குத்தி வருத்தினாலும் பெரும்பாலும் இரத்தத்தில் சேர்வதில்லை. றூபாப் இலையிலோ கரையக்கூடிய ஒக்சலேற் நிறைய இருக்கிறது. அது குடலால் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குள் போகிறது.

இரத்தத்தில் சேர்ந்ததும் அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதனால் இரண்டு தீங்குகள் ஏற்படும். ஒன்று, தசைகளும் நரம்புகளும் இதயமும் இயங்கத் தேவையான கல்சியம் இரத்தத்தில் குறைகிறது. கைகால் விறைப்பு, தசைப்பிடிப்பு, வலிப்பு, இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல் என்பன இதனால் வரலாம். மற்றையது, கல்சியமும் ஒக்சலேற்றும் சேர்ந்த பளிங்குகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிந்து அவற்றை அடைத்துவிடுகின்றன. இரண்டொரு நாளில் சிறுநீர் குறைந்து சிறுநீரகம் செயலிழக்கும் நிலையும் ஏற்படலாம். இலையிலுள்ள வேறு சில பொருட்களும் இந்த நஞ்சுக்குத் துணைபோகலாம் என்று கருதப்படுகிறது.

மரவள்ளியிலும் நஞ்சு உண்டு, அதை மூடாமல் அவித்து நீரை ஊற்றிவிட்டுச் சாப்பிடுகிறோமே என்று சிலர் கேட்பார்கள். மரவள்ளியின் நஞ்சு அவிக்கும்போது ஆவியாகியும் நீரோடும் பெருமளவு நீங்கிவிடும். ஒக்சலேற் சூட்டில் அழியாது. அவித்த நீரில் ஒரு பகுதி இறங்கும், மீதி இலையிலேயே இருக்கும். எவ்வளவு மீதி என்பது சமைப்பவருக்குத் தெரியாது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, இதே பிரித்தானியாவில் றூபாப் இலையைக் கீரையாகச் சமைக்கலாம் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. அதை நம்பிச் சமைத்தவர்களில் பலர் நோயுற்றார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. இந்த நாட்டவர் அந்தப் பாடத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே படித்துவிட்டார்கள். இலையை வெட்டி எறிவது இங்கே குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் என்பதால், செடியைத் தரும் அயலவருக்கு அதை எமக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றே தோன்றுவதில்லை. எமது ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கடைகளில் விற்கும் சுவிஸ் சாட் என்ற கீரையும் சிவந்த தண்டோடு இருக்கும். அது பீற்றூட்டின் உறவு, அதன் இலையைச் சமைக்கலாம். தோட்டத்தில் நிற்பது எது என்று ஐயம் இருந்தால் ருசி பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டால்

வாய், தொண்டை எரிவு, வயிற்று நோவு, வாந்தி, வயிற்றோட்டம் ஆகியவை முதலில் வரும். பின்னர் சோர்வு, மயக்கம், கைகால் விறைப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் அல்லது சிவத்தல் ஆகியவை வரலாம்.

வாயை நன்றாகக் கொப்பளித்து, மிச்ச இலையை வாயிலிருந்து அகற்றுங்கள். விரலை விட்டோ உப்புத்தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பிரித்தானியாவில் 111 இலக்கத்தை உடனே அழையுங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் 999. யார், எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதைச் சொல்லுங்கள். இலையின் ஒரு துண்டையோ சமைத்த கறியின் மிச்சத்தையோ வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். ஆங்கிலம் பேச முடியாதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. நோய்க்குறி இல்லையென்றாலும் அழைத்து ஆலோசனை பெறுங்கள். சிறுநீரகப் பாதிப்பு பிந்தியும் தெரியவரலாம்.

நடுதலும் வளர்த்தலும்

இலையைப் பற்றி இவ்வளவு சொன்னதால் செடியையே பிடுங்கி எறிய வேண்டாம். றூபாப் நட்டு வளர்ப்பதற்கு மிகவும் இலகுவான ஒன்று. நாம் எல்லோரும் சலித்துக்கொள்ளும் இந்த நாட்டுக் குளிரைத்தான் அது கேட்கிறது. குளிர்காலத்தில் இலையுதிர்ந்து மண்ணுக்குள் உறங்கி, போதிய குளிர் பட்ட பின்னரே நன்றாகத் துளிர்க்கும். யாழ்ப்பாணத்து வளவில் இது தேறாததற்கு இதுவே காரணம்.

விதையிலும் பார்க்க வேர்க்கிழங்காக நடுவதே சிறந்தது. கார்த்திகை முதல் பங்குனி வரை, அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, மண் உறைந்திராத நாளில் நடலாம். ரிம்பர்லி ஏர்லி என்ற வகை முந்தித் தரும், விக்டோரியா சற்றுப் பிந்தித் தரும். வெயில் படும், நீர் தேங்காத இடமாகப் பாருங்கள். குழியில் நன்கு மக்கிய எருவைக் கலந்து, கிழங்கின் முளை மண்மட்டத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே தெரியும்படி நடுங்கள். முளையை ஆழமாகப் புதைத்தால் அழுகிவிடும். செடிக்குச் செடி 75 முதல் 90 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு செடி போதும். நிலம் இல்லாதவர்கள் 50 சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலமும் ஆழமும் உள்ள தொட்டியில் வைக்கலாம்.

கோடையில் மண் காயாமல் தண்ணீர் ஊற்றுங்கள். குளிர்கால முடிவில் செடியைச் சுற்றி எருப் போடுங்கள், முளையின் மேல் போட வேண்டாம். பூந்தண்டு தலை நீட்டினால் அடியோடு வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் செடியின் பலம் பூவுக்குப் போய்விடும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் கிழங்கைத் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளையாவது இருக்கும்படி பிரித்து நட்டால் செடி புதுப்பலம் பெறும். மிஞ்சும் துண்டுகளை உறவினருக்கும் அயலவருக்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது இலையைப் பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள்.

அறுவடை

இந்தச் செடிக்குப் பொறுமை வேண்டும். முதலாம் ஆண்டில் ஒரு தண்டையும் எடுக்கக்கூடாது. இரண்டாம் ஆண்டில் சில தண்டுகள் மட்டும். மூன்றாம் ஆண்டிலிருந்துதான் முழு அறுவடை. அகதியாக வந்த ஆரம்ப காலத்தில், அடுத்த ஆண்டு எந்த வீட்டில் இருப்போம், எந்த நாட்டில் இருப்போம் என்றே தெரியாத எமக்கு, மூன்றாண்டு காத்திருக்கும் பயிரை நட மனம் வராமல் போனதில் வியப்பில்லை. வெந்தயமும் கொத்தமல்லியும் ஆறு வாரத்தில் கைக்கு வந்துவிடும். றூபாப்பை நடுபவர், இந்த மண்ணில் தொடர்ந்து இருக்கப்போகிறோம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறார். அதுவும் மனநலத்துக்கு ஒரு மருந்துதான்.

சித்திரை முதல் ஆனி வரை, அதாவது ஏப்ரல் முதல் ஜூன் வரை தண்டு எடுக்கலாம். கத்தியால் வெட்ட வேண்டாம், மிஞ்சும் அடி அழுகிக் கிழங்குக்கும் பரவும். தண்டின் அடியைப் பிடித்து மெல்லத் திருகி இழுத்தால் கழன்று வரும். ஒரே தடவையில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டாம். ஜூலையிலிருந்து விட்டுவிட்டால் செடி அடுத்த ஆண்டுக்கு உணவு சேர்க்கும்.

தண்டை ஒடித்ததும் தோட்டத்தில் வைத்தே இலையை வெட்டிவிடுங்கள். இலை சமையலறைக்குள் வராவிட்டால் தவறும் நடக்காது. வீட்டில் ஊரிலிருந்து வந்த பெற்றோர் இருந்தால் இது இன்னும் முக்கியம். வெட்டிய இலையைக் கூட்டெருக் குவியலில் போடலாம், மக்கும்போது அமிலம் சிதைந்துவிடும், அந்த எருவால் ஆபத்தில்லை. கடும் உறைபனியில் வாடி மெதுமெதுத்துப்போன தண்டைச் சமைக்க வேண்டாம். இலையிலுள்ள அமிலம் தண்டுக்கு இறங்கியிருக்கலாம் என்பதால் அதை எறிந்துவிடுவதே நல்லது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

றூபாப் தண்டில் 90 வீதத்துக்கு மேல் நீர். 100 கிராமில் ஏறத்தாழ 20 கலோரி மட்டுமே. நார்ச்சத்தும் பொட்டாசியமும் உண்டு. கல்சியமும் இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி ஒக்சலேற்றோடு பிணைந்திருப்பதால் உடலுக்கு அதிகம் சேராது. ஆரோக்கியமானவர்கள் அவ்வப்போது ஒரு கிண்ணம் சாப்பிடுவதால் தீங்கில்லை. ஆனால் தண்டிலும் ஒக்சலேற் உண்டு என்பதால் சிலர் கவனமாக இருக்க வேண்டும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள்: கற்களில் பெரும்பாலானவை கல்சியம் ஒக்சலேற் கற்களே. உங்கள் கல் அந்த வகையானால் றூபாப், பசளி, பீற்றூட், கொட்டை வகைகள் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டாம். உணவோடு சேரும் கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். ஆங்கிலேயர் றூபாப்பைக் கஸ்ரட்டோடு உண்பது இந்த வகையில் நல்ல சேர்க்கை. உப்பைக் குறைத்து, நாளுக்கு இரண்டு முதல் மூன்று லீற்றர் நீர் குடியுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் நீரின் அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

சிறுநீரகச் செயற்பாடு குறைந்தவர்கள்: எமது சமூகத்தில் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் அதிகம், இரண்டும் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் பழுதாக்குபவை. ஆண்டுதோறும் செய்யும் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பாதிப்பு இருந்தால் றூபாப்பை உண்ணுமுன் வைத்தியரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேளுங்கள். புளிப்பானவற்றைச் சாறாக்கி மருந்தென்று குடிக்கும் பழக்கம் இன்னும் ஆபத்தானது. கேரளத்தில் பிலிம்பிக்காய்ச் சாற்றையும் இலங்கையில் தமரத்தங்காய்ச் சாற்றையும் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. றூபாப்பையும் பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிக்க வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள்: தண்டில் சீனி மிகக் குறைவு. ஆனால் கிறம்பிள், ஜாம் ஆகியவற்றில் அதன் புளிப்பை அடக்கச் சீனியை அள்ளிப் போடுகிறார்கள். இரத்தச் சீனியை ஏற்றுவது அதுவே.

வோர்பரின் மாத்திரை எடுப்பவர்கள்: தண்டில் விற்றமின் கே ஓரளவு உண்டு. திடீரென்று அதிகம் உண்ணாமல், வழமையான உணவுமுறையை ஒரே சீராக வைத்திருங்கள்.

றூபாப் வேரில் செய்த மலமிளக்கி மாத்திரைகளும் தூள்களும் உணவல்ல, மருந்து. கர்ப்பிணிகளும், இதயத்துக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

எங்கள் சமையலில்

சீனி போட்டு இனிப்பாகத்தான் உண்ண வேண்டும் என்று சட்டம் இல்லை. எமது சமையலில் புளி சேரும் இடமெல்லாம் றூபாப் பொருந்தும். பருப்புக் கறியில் ஒரு தண்டை விரற்கடை நீளத்துக்கு வெட்டிப் போட்டால் பழப்புளி தேவையில்லை. மீன் குழம்பில் புளிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். பச்சைமிளகாய், வெங்காயம், இஞ்சி, கடுகு தாளித்துச் சட்னியாக்கலாம். ஐந்து பத்து நிமிடத்தில் கரைந்துவிடும் என்பதால் கடைசியில் போடுங்கள். இனிப்பாக வேண்டுமென்றால் தோடம்பழச் சாற்றோடும் இஞ்சியோடும் அவித்தால் பாதிச் சீனி போதும். அலுமினியச் சட்டி வேண்டாம், அமிலம் அதை அரிக்கும். எவர்சில்வர்ப் பாத்திரமே நல்லது. மிஞ்சிய தண்டை வெட்டி உறைபெட்டியில் வைத்தால் குளிர்காலத்துக்கும் உதவும்.

தோட்டம் செய்வோருக்கு

முள்ளும் மண்ணும் பட்ட காயம் ஏர்ப்புவலியைத் தரலாம். தடுப்பூசிகள் ஊரில் போட்ட நினைவு மட்டும் இருந்தால், எத்தனை போடப்பட்டன என்று குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள். கடையில் வாங்கும் கூட்டெருப் பையைத் திறக்கும்போது முகத்தை விலக்கித் திறவுங்கள், அதிலுள்ள ஒருவகைக் கிருமி அரிதாக நிமோனியாவை உண்டாக்கும். வெயிலில் நிற்பதால் மட்டும் இந்த நாட்டில் எமது தோலுக்குப் போதிய விற்றமின் டி கிடைக்காது. கருமை நிறத் தோல் உடையோர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதே இங்குள்ள சுகாதார ஆலோசனை.

சுருக்கமாக:

- தண்டை மட்டும் சமைக்கவும், இலையை ஒருபோதும் சமைக்க வேண்டாம்.
- இலையைத் தோட்டத்திலேயே வெட்டி அகற்றவும்.
- இலையை உண்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 111 அல்லது 999ஐ அழைக்கவும்.
- சிறுநீரகக் கல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தண்டையும் வைத்தியரைக் கேட்டே உண்ணவும்.

இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ற ஆலோசனையை உங்கள் குடும்ப வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும், தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும், ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் இலையைப் பற்றிய அந்த ஒரு வரியை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.